பராக்குக் காட்டத் தெரியுமா? ஊசி, தையல், டிரெஸ்ஸிங் நேரத்து வேதனையைக் குறைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பாலமேட்டில் மாடு பிடிக்கப் போய், தொடையில் கொம்பு ஏறி வந்த பையன் ஒருவன். காயத்துக்குள் திணித்து வைத்திருந்த காஸ் துணியைத் தினமும் உருவி எடுத்துவிட்டுப் புதிதாக வைக்க வேண்டும். முதல் நாள் மூன்று பேர் அவனைப் பிடித்துக்கொண்டோம். அவன் அப்பா கதவுக்கு வெளியே நின்று அழுதுகொண்டிருந்தார். மறுநாள் நான் தட்டோடு உள்ளே போகும்போது, தரை துடைக்கிற அக்கா மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு அவனிடம் கேட்டார்: "ஏப்பா, ஒன்னையக் குத்துனது என்ன மாடு? காரியா, செவலையா?"

"காரிக்கா. புலிக்குளம்."

"கொம்பையா பிடிக்கப் போன?"

"கொம்பைப் பிடிச்சா வெளிய அனுப்பிருவாங்கக்கா. திமிலுதான். நான் கரெக்டாத்தான் தாவுனேன், அது..."

வாடிவாசலிலிருந்து மாடு வந்த வேகம், தான் எந்தப் பக்கம் நின்றான், எத்தனை துள்ளல் தாங்கினான், பக்கத்தில் நின்றவன் எப்படித் தள்ளிவிட்டான் என்று அவன் சொல்லிக்கொண்டே போனான். பாதிக் காஸ் வெளியே வந்துவிட்டது. நடுவில் இரண்டு முறை பல்லைக் கடித்தான், வலி போய்விடவில்லை. ஆனால் அன்றைக்கு யாரும் அவனைப் பிடிக்க வேண்டியிருக்கவில்லை.

பாடப்புத்தகத்தில் இதற்குக் 'கவனத் திருப்பல்' என்று பெயர். நம் வீடுகளில் பராக்குக் காட்டுவது, வேடிக்கை காட்டுவது. நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டியவர்கள் எல்லோருக்கும் தெரிந்த வேலைதான். ஆனால் ஊசிக்கும் தையலுக்கும் இதைச் செய்யும்போது நாம் எல்லோரும் ஒரே இடத்தில் தவறுகிறோம்: பராக்கையும் பொய்யையும் ஒன்றாக்கிவிடுகிறோம். "ஊசியெல்லாம் இல்லடா, மிட்டாய் வாங்கப் போறோம்" என்று சொல்லிக் கூட்டி வருவது பராக்கு ஆகாது. அடுத்த முறை அந்தப் பிள்ளை மிட்டாய்க் கடையைப் பார்த்தாலும் அழும்.

இந்த வழிகாட்டி செவிலியர்களுக்கு மட்டுமல்ல, நோயாளியோடு துணைக்கு வருகிற அம்மா, மாமா, மருமகள் எல்லோருக்கும்.

முதலில், இது ஏன் வேலை செய்கிறது

முழங்கால் கட்டில் முனையில் இடித்தால் கை தானாகப் போய்த் தேய்க்கிறது. வலி கொஞ்சம் அடங்குகிறது. 1965-இல் ரொனால்ட் மெல்சாக், பாட்ரிக் வால் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார்கள். தண்டுவடத்தில் ஒரு வாசல் மாதிரி அமைப்பு இருக்கிறது; தொடுதல், தேய்த்தல் போன்ற உணர்வுகளும் மூளையிலிருந்து இறங்கி வரும் கட்டளைகளும் அந்த வாசலைச் சாத்தலாம், திறக்கலாம் என்றார்கள். நுணுக்கங்கள் பின்னால் திருத்தப்பட்டன. வலி என்பது காயத்திலிருந்து மூளைக்கு நேராக ஓடுகிற தந்தி அல்ல என்ற அடிப்படை மட்டும் நின்றுவிட்டது.

2012-இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். கையில் வலிக்கிற அளவுக்கு வெப்பம் கொடுத்துக்கொண்டே, ஆட்களுக்கு ஞாபகசக்தியைச் சோதிக்கிற வேலை கொடுத்துத் தண்டுவடத்தை ஸ்கேன் எடுத்தார்கள். வேலை கடினமாக இருந்தபோது, வலிச் செய்தி மூளைக்குப் போகுமுன் தண்டுவடத்திலேயே குறைந்திருந்தது. உடம்பு தானே சுரக்கும் அபின் போன்ற பொருள்களைத் தடுக்கிற நலாக்சோன் மருந்தைக் கொடுத்தபோது அந்தப் பலன் குறைந்தது. ஆக, "சும்மா மனசை ஆத்துறது" என்று இதைத் தள்ளிவிட முடியாது. உடம்புக்குள் உண்மையாகவே ஏதோ நடக்கிறது.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அந்தக் 'கடினமான வேலை'. மனத்துக்கு வேலை கொடுக்க வேண்டும். டிவியைப் போட்டுவிட்டு நாம் நம் பாட்டுக்கு ஊசியை எடுத்தால் அது அரைகுறைப் பராக்கு.

இதை எதற்குப் பதிலாகப் பயன்படுத்தக் கூடாது

மரத்துப்போகிற ஊசிக்கும் வலி மாத்திரைக்கும் பதிலாக அல்ல. தையல் போடுமுன் மரக்க ஊசி உண்டுதான். டிரெஸ்ஸிங்குக்கு முன்னால் வலி மருந்து கொடுக்கலாமா, எவ்வளவு நேரம் முன்னால் என்று மருத்துவரிடம் கேளுங்கள். கேட்காமல் விடுவதால்தான் பல பேருக்குக் கிடைப்பதில்லை. ஊசி போடும் இடத்தில் தடவுகிற மரக்கும் களிம்பு (லிடோகெய்னும் பிரிலோகெய்னும் சேர்ந்தது) வேலை செய்ய ஏறத்தாழ 1 மணி நேரம் ஆகும்; தடவி 5 நிமிடத்தில் குத்தினால் காசுக்குக் கேடு. காய்ந்து ஒட்டிப்போன காஸ் துணியைச் சலைன் (மருத்துவ உப்புநீர்) ஊற்றி ஊறவிட்டு எடுங்கள். இந்த ஒன்றைச் செய்யாமல் எத்தனை கதை சொன்னாலும் பிரயோசனமில்லை.

படி 1: ஆளைப் படியுங்கள்

தட்டை எடுக்குமுன் இரண்டு நிமிடம் பேசுங்கள். எனக்குத் தெரிய வேண்டியது மூன்று விஷயம். முன்னால் இதே மாதிரி நடந்தபோது எப்படி இருந்தது? பார்த்துக்கொண்டிருக்கப் பிடிக்குமா, பார்க்காமல் இருக்கப் பிடிக்குமா? எதைப் பற்றிப் பேசினால் இவர் நிறுத்தவே மாட்டார்?

இரண்டாவது கேள்வியைப் பெரும்பாலோர் கேட்பதில்லை. "அந்தப் பக்கம் திரும்பிக்கங்க" என்று எல்லோரையும் திருப்பிவிடுகிறோம். சிலருக்கு ஊசி எப்போது வருகிறது என்று தெரியாமல் இருப்பதுதான் பெரிய பயம். டயாலிசிஸுக்கு வாரம் மூன்று முறை தடித்த ஊசி குத்திக்கொள்கிறவர்களில் பலர் கண் எடுக்காமல் பார்ப்பார்கள். அவர்களிடம் சினிமாக் கதை பேசாதீர்கள். "இந்த இடத்துல நரம்பு எப்படி இருக்கு, போன தடவ எங்க குத்துனாங்க" என்று அந்த வேலையிலேயே அவர்களைக் கூட்டாளி ஆக்குங்கள். அவர்களுக்கு அதுதான் பராக்கு.

மூன்றாவது கேள்விக்குப் பதில் நோயாளியிடமிருந்து வராவிட்டால் துணைக்கு வந்தவரிடம் கேளுங்கள். "இவுக வீட்டுல எதப் பத்தி ஓயாமப் பேசுவாக?" பதில் உடனே வரும், கொஞ்சம் சலிப்போடு.

படி 2: வாயை அடக்குங்கள்

'வலிக்காது' என்ற சொல்லை விட்டுவிடுங்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ஆறு வயதுப் பிள்ளையிடம் "எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும்" என்றேன். வென்ஃப்ளான் (டிரிப் ஏற்ற நரம்பில் குத்தி வைக்கிற குழாய்) போட்டு முடித்ததும் அது என்னை நிமிர்ந்து பார்த்து, "எங்க வீட்டு எறும்பு இப்படிக் கடிக்காது" என்றது. அதன் பிறகு டிஸ்சார்ஜ் ஆகிற வரை என் கையால் மாத்திரைகூட வாங்கவில்லை.

உலக சுகாதார நிறுவனம் தடுப்பூசி வலியைக் குறைப்பது பற்றி 2015-இல் வெளியிட்ட பரிந்துரையிலும் இதே விஷயம் இருக்கிறது: பயத்தைக் கூட்டுகிற சொல் வேண்டாம், பொய்யான ஆறுதலும் வேண்டாம், நடுநிலையான சொற்களைச் சொல்லுங்கள் என்கிறது. மதுரைப் பேச்சில் அது இப்படி இருக்கலாம்:

"இப்பக் குத்தப் போறேன், வலிக்கும், பல்லக் கடிச்சுக்கங்க" என்பதற்குப் பதில், "இந்தா ஆரம்பிக்கிறேன்ணே."

"அய்யோ பாவம், பொறுத்துக்க சாமி, பொறுத்துக்க" என்பதற்குப் பதில், "சரி, அந்தக் கல்யாணத்துல பந்தி எத்தனை மணிக்குப் போட்டாக?"

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்பதற்குப் பதில், "சுருக்குன்னு இருக்கும், நான் அஞ்சு எண்றதுக்குள்ள போயிரும்." அப்படிச் சொன்னால் 5 எண்ணுவதற்குள் முடித்தாக வேண்டும். முடியாதென்றால் எண்ணாதீர்கள்.

நாய்க்கடிக்கு வருகிறவர்களிடம் இன்னொரு வேலை இருக்கிறது. "தொப்புளச் சுத்திப் பதினாலு ஊசியாமே" என்று அம்மாச்சி சொன்ன பழைய கதையோடுதான் பாதிப் பேர் வரிசையில் நிற்கிறார்கள். அந்தத் தடுப்பூசி நிறுத்தப்பட்டு வெகுகாலம் ஆயிற்று. இப்போது கையில்தான், தோலுக்குள் போடும் முறையில் முதல் நாளும், பிறகு 3, 7, 28-ஆம் நாள்களும். இதைச் சொன்னதுமே தோள் இறங்கும். ஆனால் ஆழமான கடியாக இருந்தால் காயத்துக்குள்ளேயே போடுகிற எதிர்ப்புப் புரத ஊசி நிஜமாகவே வலிக்கும். அதையும் மறைக்காமல் சொல்லிவிட்டு, பிறகு கதைக்குப் போங்கள்.

படி 3: இடத்தையும் உடம்பையும் சரிசெய்யுங்கள்

ஊசி, கத்தரி, கிண்ணம் எல்லாம் நோயாளியின் கண்ணுக்கு எதிரே கலகலவென்று அடுக்க வேண்டியதில்லை. முதுகுப் பக்கம் வைத்து எல்லாவற்றையும் தயார் செய்துவிட்டுத்தான் கதையை ஆரம்பிக்க வேண்டும், நடுவில் "டேப் எங்க?" என்று தேடினால் கட்டி எழுப்பியது சரிந்துவிடும்.

சிறு பிள்ளைகளை மல்லாக்கப் படுக்கவைத்து அமுக்காதீர்கள். அம்மா மடியில், நெஞ்சோடு நெஞ்சாக நிமிர்த்தி உட்காரவைத்து, அம்மா அணைத்துக்கொள்ளட்டும். அணைப்பும் பிடிமானமும் ஒன்றாகவே கிடைக்கும். கொஞ்சம் பெரிய பிள்ளை என்றால் அம்மாவுக்கு முதுகு காட்டி மடியில் உட்காரட்டும்.

அறையில் ஒரே குரல்தான் கேட்க வேண்டும். அத்தை ஒரு பக்கம் "அழாதடி", அப்பா ஒரு பக்கம் "ஆம்பளப் பையன் அழுவானா", செவிலியர் ஒரு பக்கம் "கைய ஆட்டாத" என்றால் பிள்ளை யாரைக் கேட்கும்? யார் பேசுவது என்று முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். நன்றாகப் பேசுகிறவர் பேசட்டும். அது பெரும்பாலும் செவிலியராக இருக்காது. ஒரு முறை சௌராஷ்டிர வீட்டுப் பாட்டி ஒருவருக்குக் கால் புண் டிரெஸ்ஸிங். எனக்குத் தெரிந்த ஊர்க்கதை அத்தனையும் தோற்றது. மருமகள் வந்து அவர்கள் வீட்டு மொழியில் யாருடைய கல்யாணத்தைப் பற்றியோ வம்பு பேச ஆரம்பித்தார். பாட்டி சிரிக்கவே செய்தார். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. வேலை சுலபமாக முடிந்தது.

நோயாளியைவிட அதிகமாக அழுகிற துணை ஆளை வெளியே துரத்த வேண்டாம். கையில் ஒரு வேலையைக் கொடுங்கள்: எண்ணிக்கை சொல்லச் சொல்லுங்கள், செல்போனைப் பிடிக்கச் சொல்லுங்கள்.

படி 4: வலி வருமுன்னே ஆரம்பியுங்கள்

இந்தப் படியை விட்டால் மற்றவை எல்லாம் வீண். குத்திய பிறகு, அலறல் தொடங்கிய பிறகு, "அங்க பாரு காக்கா" என்றால் காக்கா தோற்கும். பேச்சு ஓட ஆரம்பித்து ஒன்றிரண்டு நிமிடம் ஆன பிறகுதான் கை காயத்தைத் தொட வேண்டும்.

*கைக்குழந்தை.* தாய்ப்பாலுக்கு மேல் ஒன்றுமில்லை. 6, 10, 14-ஆவது வாரத் தடுப்பூசிகளுக்கு வரும்போது, ஊசிக்குச் சில நிமிடம் முன்பே பால் கொடுக்க ஆரம்பித்து, ஊசியின்போதும் பிறகும் நிறுத்தாமல் கொடுக்கலாம். சொட்டு மருந்துகள் முதலில். ஊசிகளில் அதிகம் வலிப்பது கடைசியில். தேன் தொட்டு வைக்கிற பழக்கம் இங்கே இன்னும் இருக்கிறது. 1 வயதுக்குள் தேன் கூடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய கிருமி குழந்தையின் நரம்பையே முடக்கிவிடும்.

*ஒன்றரை வயது முதல் பள்ளிக்கு முன்.* ஊதுவதுதான் எனக்குப் பிடித்த வித்தை. சோப்பு நுரைக் குமிழி, காற்றாடி, பீப்பீ எது இருந்தாலும் சரி. ஒன்றும் இல்லையென்றால் என் உள்ளங்கையை நீட்டி, "இந்தா, சுடச்சுடப் பணியாரம். ஊதி ஆத்திக் குடு, நான் சாப்பிடணும்" என்பேன். நான்கு வயதுப் பிள்ளை அதை நம்பாது, ஆனால் விளையாடும். "இன்னும் சுடுது!" "நல்லா ஊது!" மூச்சை நீளமாக விடும்போது உடம்பு தளர்கிறது, கூடவே அலறுவதற்கு வாய் காலியாக இல்லை. சிலரிடம் முதலில் மல்லிகைப்பூவை மோந்து பார்க்கச் சொல்லி, அப்புறம் பணியாரத்தை ஊதச் சொல்வேன்: மூச்சு உள்ளே, மூச்சு வெளியே. மதுரைப் பிள்ளைக்கு மல்லி வாசத்தை நினைத்துக்கொள்ளச் சொல்லித் தர வேண்டியதில்லை.

*பள்ளிப் பிள்ளைகள்.* விடுகதை. "பல் இருக்கும், கடிக்காது, என்ன?" "எட்டாத ராணி, ராத்திரி வருவா, பகல்ல ஒளிவா, யாரு?" விடை உடனே வந்துவிட்டால் அடுத்தது கொஞ்சம் கஷ்டமாக. பிறகு பிள்ளையை நம்மிடம் விடுகதை போடச் சொல்லுங்கள். அதில் இன்னும் வேகம். அலங்காநல்லூர், அவனியாபுரம் பக்கத்துப் பையன்களுக்கு விடுகதையைவிட மேலான ஒன்று வைத்திருக்கிறேன்: ஜல்லிக்கட்டு வர்ணனை. "மைக் உன் கையில. மாடு அவுத்தாச்சு, சொல்லு" என்றால் போதும். "வருது, வருது, மாடு வருது, தொட்டுப்பாரு, பிடிச்சவனுக்கு ஒரு சைக்கிள், பிடிக்கலேன்னா மாட்டுக்காரருக்கு ஒரு பீரோ..." குரல் ஏற ஏற, அழுகையும் ஆவேசமும் கலந்து, யாருக்கும் தெரியாமல் தையல் முடியும். கத்தலாம், ஆனால் கையை ஆட்டக் கூடாது என்ற ஒப்பந்தத்தை மட்டும் முன்பே போட்டுக்கொள்ளுங்கள்.

*பதின்வயது.* தனியாகக் கேளுங்கள், அம்மா முன்னால் அல்ல. பெரும்பாலும் இயர்போனும் தனக்குப் பிடித்த பாட்டும் கேட்பார்கள். கொடுத்துவிடுங்கள். குழந்தை மாதிரி நடத்தினால் அதுவே இன்னொரு காயம்.

*பெரியவர்கள்.* பெரியவர்களுக்கும் இது வேண்டும் என்பதை யாரும் யோசிப்பதே இல்லை. அவர்களுக்குத் தொழில்தான் சாவி. ஆட்டோ அண்ணனிடம், "கோரிப்பாளையத்துலருந்து ஏ.வி. பாலம் ஏறாம யானைக்கல் எப்படிண்ணே போவீங்க? சித்திரைத் திருவிழா அன்னைக்குன்னா?" என்று கேட்டால், ஒவ்வொரு திருப்பத்தையும் மனத்தில் ஓட்டித்தான் அவர் பதில் சொல்ல முடியும். கோயிலைச் சுற்றி வாழ்ந்தவர்களை வீதி வீதியாக உள்ளே நடக்கவைக்கலாம்: வெளி வீதி, மாசி வீதி, ஆவணி மூல வீதி, சித்திரை வீதி, கோயிலுக்குள் ஆடி வீதி. "மேல மாசி வீதியில வலது கைப்பக்கம் என்னென்ன கடை இருந்துச்சு, உங்க சின்ன வயசுல?" பூக்கட்டுகிற அக்காவிடம் முழக்கணக்கு. சமையல்காரரிடம், 200 பேருக்குக் கறிக்குழம்பு என்றால் எவ்வளவு மல்லி, எவ்வளவு மிளகாய், எதை முதலில் போடுவது. அவர் கணக்குச் சொன்னதும், "ஆள் 350 ஆயிட்டாக, இப்ப?" என்று மாற்றிப் போடுங்கள். வலி உச்சத்துக்குப் போகிற நிமிடத்துக்கு அந்த இரண்டாவது கேள்வியைச் சேமித்து வைக்க வேண்டும்.

*மூத்தவர்கள்.* காது மந்தம் என்றால் நல்ல காதுப் பக்கம் உட்காருங்கள். பேச்சைவிடத் தொடுதல் அங்கே பலன் தரும்: ஊசி போடாத கையை ஒருவர் தடவிக்கொண்டிருக்கட்டும்.

தீக்காய டிரெஸ்ஸிங்குக்குத் தனியாக ஒரு வார்த்தை

இது எல்லாவற்றிலும் கொடியது, நாள்கணக்கில் திரும்பத் திரும்ப வருவது. அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஹண்டர் ஹாஃப்மன், டேவிட் பேட்டர்சன் இருவரும் தீக்காயக்காரர்களுக்கென்றே ஒரு மெய்நிகர் விளையாட்டை உருவாக்கினார்கள். தலையில் கருவியை மாட்டிக்கொண்டால் பனிப் பள்ளத்தாக்கு. நோயாளி பனிமனிதர்கள் மேலும் பென்குவின்கள் மேலும் பனியுருண்டை எறிந்துகொண்டே போவார். கண், காது, கை மூன்றுக்கும் வேலை, அதிலும் குளிர்ச்சியான வேலை.

நம் வார்டில் அந்தக் கருவி இல்லாவிட்டாலும் குளிர்ச்சிக்குப் பஞ்சமில்லை. அழகர்மலை நூபுர கங்கையில் தலைக்கு நீர் விழுகிறது, குட்லாடம்பட்டி அருவிக்குப் போகிற பாதையில் காலுக்கடியில் ஈரக்கல். நீங்கள் வர்ணிக்கக் கூடாது, அவரைச் சொல்லவைக்க வேண்டும். "தண்ணி எங்க மொதல்ல விழுது? தோள்லயா? சத்தம் எப்படி இருக்கு? கூட யார் நிக்கிறா?" என்று கேட்டுக்கொண்டே இருங்கள். அங்கெல்லாம் போகாதவருக்கு வீட்டுக் கிணற்றடி போதும்.

செல்போனைப் பற்றி

வேலை செய்யும், பாதி. வீடியோ ஓடுகிறது, பிள்ளை பார்க்கிறது, ஊசி பட்டதும் வீடியோவை விட்டு ஊசியைப் பார்க்கிறது. தானே விரலால் விளையாடுகிற விளையாட்டு, பார்த்துக்கொண்டு மட்டும் இருப்பதைவிடப் பெரும்பாலும் மேல். ஊசி போடாத கையில் செல்போன், அதைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் ஒரு ஆள், "அது யாரு? ஏன் ஓடுது?" என்று கேள்வி கேட்டுக்கொண்டே. டிரெஸ்ஸிங் அறைகளில் சிக்னல் கிடைக்காது என்பதை அனுபவத்தில் சொல்கிறேன். வீட்டிலேயே இறக்கி வையுங்கள், சார்ஜும் பாருங்கள். பாதித் தையலில் செல்போன் அணைந்துபோன ஒரு மத்தியானம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

படி 5: நடக்கும்போது

முகத்தைப் பாருங்கள். நெற்றி சுருங்கினால், பதில் தாமதமானால் கேள்வியின் கனத்தைக் கூட்டுங்கள். பதில் சொல்லத் திணறினால் குறையுங்கள். வலி கூடும் நேரத்தில் பெரிய கணக்கு ஓடாது, "மல்லி, பிச்சி, கனகாம்பரம், அப்புறம்?" என்று பெயர் அடுக்குகிற மாதிரி எளிதாக இறங்கிவிட வேண்டும்.

'நிறுத்து' என்பதற்கு ஒரு சைகை கொடுங்கள், இடது கையைத் தூக்குவது மாதிரி. தூக்கினால் உண்மையிலேயே நிறுத்துங்கள், பத்து விநாடியாவது. தன் கையில் கடிவாளம் இருக்கிறது என்று தெரிந்தவர் அதை அதிகம் இழுப்பதில்லை.

பெரியவர்களுக்குச் சாதாரண ஊசிக்கு ஒரு சின்ன வித்தை: இருமல். ஒரு முறை லேசாக இருமச் சொல்லி, இரண்டாவது இருமலோடு ஊசி. கை அசையாத மாதிரி தாங்கிப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஊசியைப் பார்த்தால் மயங்கி விழுகிறவர்களுக்கு மட்டும் இந்த அமைதிப்படுத்துதல் போதாது. அவர்களுக்கு இரத்த அழுத்தம் சட்டென்று இறங்குகிறது. படுக்கவையுங்கள். தொடை, வயிறு, ஊசி போடாத கை மூன்றையும் முறுக்கி 10 முதல் 15 விநாடி முகம் சூடாகிற வரை வைத்திருந்து, விட்டு, அரை நிமிடம் கழித்துத் திரும்பச் செய்யச் சொல்லுங்கள். முறுக்குவதே அவர்களுக்கு வேலையாகவும் ஆகிவிடுகிறது.

எப்போது பராக்குக் காட்டக் கூடாது

சில வலிகள் செய்தி கொண்டுவருகின்றன. மாவுக்கட்டுப் போட்ட காலில் வலி நிமிடத்துக்கு நிமிடம் ஏறினால், விரல் மரத்தால், கதை சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். உடனே மருத்துவரைக் கூப்பிட வேண்டும். முதுகுத்தண்டில் ஊசி போடும்போது கால் பக்கம் மின்னல் வெட்டுகிற மாதிரி இருந்தால் நோயாளி அதைச் சொல்லியாக வேண்டும், ஆகவே அங்கே அவரை முழுசாக வேறு உலகத்துக்கு அனுப்பிவிடக் கூடாது. டிரிப் போன இடம் திடீரென்று எரிந்தாலும் அப்படித்தான். "வேற எதும் வித்தியாசமாத் தெரிஞ்சா கதைய நிறுத்திட்டுச் சொல்லணும்" என்று முன்பே பேசி வையுங்கள்.

காய்ச்சலிலோ மயக்க மருந்திலோ குழம்பிப் போயிருக்கும் முதியவரிடம் விடுகதை போட்டால் இன்னும் குழம்புவார். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, நாம் யார், என்ன செய்கிறோம் என்பதைத் திரும்பத் திரும்பச் சொன்னால் போதும். "என்னை விடுங்க, நான் கண்ணை மூடிக்கிட்டு முருகனை நினைச்சுக்கிறேன்" என்கிறவரையும் விட்டுவிடுங்கள். அவர் ஏற்கெனவே திருப்பரங்குன்றம் போய்ச் சேர்ந்துவிட்டார்.

எல்லாம் செய்தும் அலறல் குறையவில்லையா? நிறுத்துங்கள். மருந்து போதவில்லை என்று அர்த்தம். அதைக் கேட்டு வாங்குவது நம் வேலை. குழந்தைகளின் ஊசி வலிக்குக் கவனத் திருப்பல் உதவுகிறது என்று 2018-இல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வும் (பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து எடைபோடுவது) சொல்கிறது. ஆனால் சான்றுகளின் தரம் குறைவு என்றும் சேர்த்தே சொல்கிறது. எல்லோருக்கும் எல்லா நேரமும் பலிக்கிற மந்திரம் என்று யாரும் விற்க வந்தால் வாங்காதீர்கள்.

"இதுக்கெல்லாம் நேரம் எங்க சிஸ்டர்?"

வெளியே நாற்பது பேர் வரிசையில் நிற்கும்போது இந்தக் கேள்வி நியாயமானது. என் கணக்கு இது: முன்னால் இரண்டு நிமிடம் பேசினால், பின்னால் மூன்று பேர் வந்து பிடிக்கிற வேலை மிச்சம். நரம்பு தப்பி இரண்டாம் முறை குத்துவதும் பெரும்பாலும் மிச்சம். எல்லோருக்கும் முடியாத நாளில், குழந்தைகளுக்கும் முதன்முறை வருகிறவர்களுக்கும் மட்டுமாவது செய்யுங்கள்.

படி 6: முடிந்த பிறகு

ஊசி முடிந்ததும் கதையை வெட்டிவிட்டு அடுத்த ஆளுக்குப் போகாதீர்கள். "அப்புறம் மாடு பிடிபட்டுச்சா?" என்று ஒரு வரியாவது கேளுங்கள். பிள்ளையிடம், அழுததைப் பற்றிப் பேசாமல், அது செய்த ஒரு காரியத்தைச் சொல்லுங்கள்: "கைய ஆட்டவே இல்ல பாரு." வீட்டில் போய் அம்மாவும் அதையே சொல்ல வேண்டும். அடுத்த முறை பிள்ளை எதை ஞாபகம் வைத்துக்கொண்டு வருகிறது என்பது நாம் இன்று எதைத் திரும்பச் சொல்கிறோம் என்பதில்தான் இருக்கிறது.

எவ்வளவு வலித்தது என்று 0 முதல் 10-க்குள் கேட்டு எழுதுங்கள். சின்னப் பிள்ளைகளுக்குச் சிரிக்கிற முகம் முதல் அழுகிற முகம் வரையிலான படம். பேசாத குழந்தைக்கு முகம், கால், அசைவு, அழுகை, தேற்றினால் அடங்குகிறதா என்ற ஐந்தையும் பார்த்து மதிப்பெண். கூடவே எது பலித்தது என்பதையும் கேஸ் ஷீட்டில் எழுதிவிடுங்கள். அடுத்த டூட்டியில் வருகிற சிஸ்டருக்கு அது இரத்த அழுத்தக் கணக்குக்குச் சமம்.

தினமும் டிரெஸ்ஸிங் உள்ளவர்களுக்குக் கதையை முடிக்காமல், முடிச்சு விழுகிற இடத்தில் நிறுத்துங்கள். பாலமேட்டுப் பையனுக்கு நான்காம் நாள் நான் லீவு. அவன் கேஸ் ஷீட்டில் வலி மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் எழுதிவிட்டுப் போனேன்: "காரி மாடு வாடிவாசல் தாண்டிவிட்டது. மாட்டுக்காரர் யார் என்று இன்னும் சொல்லவில்லை. கேட்கவும்."